கையெழுத்துக்கு முன்பே அழைக்கும் கிளையண்ட்

ஒரு கிளையண்ட் நம்மை எந்த நேரத்தில் தொலைபேசியில் அழைக்கிறார் என்பதை வைத்தே, அவருக்கும் நமக்கும் உள்ள உறவு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, பணமும் கைமாறி, நோட்டீஸும் வந்த பிறகு அழைப்பவர், நம்மை ஃபாரம் நிரப்பித் தரும் ஆளாகவே வைத்திருக்கிறார். கையெழுத்துக்கு முந்தைய நாள் இரவு, "சார், இப்படி ஒன்று வருகிறது, செய்யலாமா?" என்று கேட்பவர்தான் நீடித்து நிற்கும் கிளையண்ட். சென்னையில் முப்பது ஆண்டுகளாக ஆடிட்டராகத் தொழில் செய்துவருகிறேன். அந்த இரண்டாவது வகை அழைப்பு வரும்படி நடந்துகொள்வது எப்படி என்பதையே, புதிதாகப் பலகை மாட்டியிருக்கும் இளையவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். வழக்கறிஞர், கட்டடக் கலைஞர், கம்பெனி செக்ரட்டரி என்று ஆலோசனையைத் தொழிலாகக் கொண்ட எல்லாருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கடைக்காரர் வாடிக்கையாளர் என்கிறார், வக்கீல் கட்சிக்காரர் என்கிறார், மொத்த வியாபாரி பார்ட்டி என்கிறார், நாங்கள் கிளையண்ட் என்கிறோம். கடையில் வாங்குபவர் துணியைத் தடவிப் பார்க்கலாம், அரிசியை வாயில் போட்டுப் பார்க்கலாம். நாம் தாக்கல் செய்த ரிட்டர்ன் சரியா தவறா என்று கிளையண்டால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே அவர் நம் வேலையை எடை போடுவதில்லை. செய்தி எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்பதையே எடை போடுகிறார். தன் விவகாரத்தைப் பற்றிய எந்தச் செய்தியானாலும், நல்லதோ கெட்டதோ, நம் வாயிலிருந்தே முதலில் வரும் என்ற உறுதி அவருக்கு ஏற்பட வேண்டும். தீபாவளி இனிப்பும் நாள்காட்டியும் அதற்குப் பிறகு வரலாம்.

முதல் சந்திப்பு

முதல் சந்திப்புக்குக் கிளையண்டை நம் அலுவலகத்துக்கு வரச் சொல்லாமல், அவர் இடத்துக்கு நாம் போவது நல்லது. கோடவுன் தெருவில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்பவரின் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், பில் போடுவது யார், லாரி ரசீதுகள் எங்கே சேர்கின்றன, வெளியூர்க் கடைகளிலிருந்து வசூல் எத்தனை நாளில் வருகிறது, முடிவெடுப்பது அப்பாவா மகனா என்பதெல்லாம் நாம் கேட்காமலேயே தெரிந்துவிடும். இதை நம் அறையில் மேசைக்கு எதிரே உட்காரவைத்துக் கேட்டால், அவர் நாம் விரும்பும் பதிலைச் சொல்வார்.

"முன்பு பார்த்த ஆடிட்டரிடம் என்ன குறை?" என்ற கேள்வியை நான் தவறாமல் கேட்பேன். வரி அதிகமாகக் கட்டவைத்தார் என்று சொன்னவர்கள் குறைவு. 'போனை எடுக்க மாட்டார்', 'பார்த்துச் சொல்கிறேன் என்பார், சொல்ல மாட்டார்' என்பவையே பெரும்பாலும் வரும் பதில்கள். அந்தப் பதிலைக் கேட்டுக்கொள்ள வேண்டுமே தவிர, முன்னவரைப் பற்றி ஒரு சொல்கூடக் குறைத்துப் பேசக் கூடாது. தணிக்கைப் பொறுப்பு கைமாறும்போது, முன்பு பொறுப்பிலிருந்தவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்காமல் ஏற்பதை 1949 ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம் தொழில்முறைத் தவறு என்கிறது. ஏற்கெனவே வக்காலத்துப் போட்ட வழக்கறிஞரின் சம்மதமில்லாமல் இன்னொருவர் அந்த வழக்கில் வரக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. இவற்றைச் சடங்காக நினைத்து ஒரு வரிக் கடிதத்தோடு விடாமல், முன்னவரைத் தொலைபேசியிலும் அழைத்துப் பேசுங்கள். நாளைக்குத் தன்னைப் பற்றி நாம் வெளியே எப்படிப் பேசுவோம் என்பதைக் கிளையண்ட் இந்த இடத்தில்தான் கணக்குப் போட்டுக்கொள்கிறார்.

பிறகு ஒரு பக்கத்தில், அவருக்கு வசதியான மொழியில், ஒரு பணிக் கடிதம் கொடுங்கள். நாம் செய்யப்போகும் வேலைகள், அவர் தர வேண்டிய விவரங்களும் அவற்றுக்கான தேதிகளும், கட்டணம் ஆகிய மூன்றோடு, நாம் செய்யாத வேலைகளையும் அதில் எழுத வேண்டும். மனக்கசப்புகளில் பெரும்பாலானவை இந்த நான்காவது பகுதி எழுதப்படாத காரணத்தால் வருபவை. 'துறை நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது மாதக் கட்டணத்தில் சேராது' என்ற ஒரு வரி, பிற்பாடு நடக்க வேண்டிய ஒரு பெரிய வாக்குவாதத்தைத் தவிர்த்துவிடும்.

எண்ணும் கடவுச்சொல்லும் அவருடையவை

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது, பதிவு செய்யும் அவசரத்தில் பல அலுவலகங்கள் கிளையண்டின் கைப்பேசி எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் பதிலாகத் தங்களுடையதையே கொடுத்துவிட்டன. ஓடிபிக்காக ஒவ்வொரு முறையும் கிளையண்டை அழைக்க வேண்டாம் என்ற வசதி அதில் இருந்தது. அந்த வசதியின் விலை சில ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. நோட்டீஸ் அலுவலக மின்னஞ்சலில் மற்ற நூறு கடிதங்களோடு விழுந்தது. வங்கிக் கணக்கு முடக்கப்பட்ட பிறகே வியாபாரிக்கு விஷயம் தெரிந்தது. இணையதளத்தில் 'கூடுதல் நோட்டீஸ்கள், ஆணைகள்' என்ற பகுதியில் ஏற்றப்பட்ட நோட்டீஸைப் பார்க்கவே இல்லை என்று சொல்லி வியாபாரிகள் தொடுத்த ஏராளமான வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் விசாரித்திருக்கிறது. அவற்றில் பலவற்றில், தகராறிலுள்ள வரியில் ஒரு பகுதியைக் கட்டும்படி நிபந்தனை விதித்து, ஆணையை ரத்து செய்து, மறு விசாரணைக்கு அனுப்பியிருக்கிறது. 'எங்கள் கணக்கைப் பார்ப்பவர் எங்களிடம் சொல்லவில்லை' என்பதும் அந்த மனுக்களில் அடிக்கடி வரும் வாசகம். நம் தொழிலில் இருப்பவர்கள் வெட்கப்பட வேண்டிய வாசகம் அது.

ஆகவே பதிவில் இருக்கும் எண் கிளையண்டின் எண்ணாகவே இருக்கட்டும். கடவுச்சொற்கள் எழுதிய தாளின் ஒரு பிரதி அவரிடம் இருக்கட்டும். கதவைப் பூட்டிச் சாவியை நாம் வைத்துக்கொண்டால் கிளையண்ட் போக மாட்டார் என்று நினைப்பவர்கள் உண்டு. போக முடியாமல் இருப்பவர் நம்மை நம்பி இருப்பவர் ஆகமாட்டார். எங்கள் அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை முதல் வேலை, ஒவ்வொரு கிளையண்டின் கணக்கிலும் நுழைந்து வழக்கமான நோட்டீஸ் பகுதி, 'கூடுதல்' பகுதி இரண்டையும் பார்ப்பது. ஏதேனும் இருந்தால் அன்று மாலைக்குள் அவருக்குச் சொல்லிவிட வேண்டும். என்ன பதில் எழுதுவது என்று நமக்கே தெளிவாகாத நிலையிலும், நோட்டீஸ் வந்திருக்கிறது, இத்தனை நாள் அவகாசம் இருக்கிறது, இன்ன நாளில் உட்கார்ந்து பேசுவோம் என்ற மூன்றையும் சொல்ல முடியும்.

வழக்கறிஞர் நண்பர்களுக்கும் இதுவே பொருந்தும். வழக்கு வாய்தா போனதை இ-கோர்ட்ஸ் செயலியில் கட்சிக்காரர் தானே பார்த்துக்கொள்கிறார். அடுத்த தேதியைச் சொல்வதற்கு வக்கீல் தேவையில்லை. வாய்தா ஏன் போனது, அதனால் வழக்கு முன்னேறுகிறதா தேங்குகிறதா என்று அன்று மாலையே சொல்வதற்குத்தான் தேவை.

மாதத்தின் தேதிகள்

பிடித்தம் செய்த வருமான வரியை (டிடிஎஸ்) கட்ட 7 ஆம் தேதி, விற்பனை விவரங்களைச் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்கு 11 ஆம் தேதி, ஊழியர்களுக்கான பிஎஃப், இஎஸ்ஐ கட்ட 15 ஆம் தேதி, மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்னான 3பி 20 ஆம் தேதி என்று ஒரு வியாபாரியின் மாதம் நகர்கிறது. முன்கூட்டிய வருமான வரிக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் ஆகிய நான்கு மாதங்களிலும் 15 ஆம் தேதி. இந்தத் தேதிகள் நமக்கு மனப்பாடம்; கிளையண்டுக்கோ ஒவ்வொரு தேதியும் வங்கியில் பணம் இருக்க வேண்டிய நாள். இந்த வேறுபாட்டை உணர்ந்து அனுப்பப்படும் வாட்ஸ்அப் செய்தியே உறவை வளர்க்கும்.

19 ஆம் தேதி இரவு, "சார், 3பி பெண்டிங், நாளைக்குள் 1,40,000 கட்டவும்" என்று அனுப்புவது ஒரு வகை. சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் 2பி அறிக்கை 14 ஆம் தேதி வந்துவிடுகிறது, மறுநாளே கொள்முதலை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "வணக்கம் சார். இந்த மாதம் கட்ட வேண்டியது சுமார் 1,40,000 ரூபாய். சூரத் சப்ளையரின் இரண்டு பில்கள் இன்னும் ஏறவில்லை. அவற்றின் வரி 22,000 ரூபாய் இந்த மாதம் கிடைக்காது. அவரை ஒருமுறை அழைத்துச் சொல்லுங்கள்" என்று அனுப்புவது இன்னொரு வகை. இரண்டாவது செய்திக்கு நமக்கு அரை மணி நேரம் கூடுதலாக ஆகும். பணம் புரட்ட ஐந்து நாள் அவருக்குக் கிடைக்கும். வரித் தொகை இரண்டிலும் ஒன்றுதான் என்றாலும், முதல் செய்தி வந்த இரவில் அவர் தூங்க மாட்டார்.

சட்டம் மாறும்போதும் இதே அணுகுமுறை வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை உரிய கெடுவுக்குள் தராவிட்டால், உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை அந்தச் செலவைக் கழிக்க முடியாது என்ற வருமான வரி விதி 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள் என்பது கெடு. அந்தச் சமயத்தில் பல அலுவலகங்கள் ஒரே ஆங்கிலச் சுற்றறிக்கையை எல்லாக் கிளையண்டுகளுக்கும் அனுப்பிவைத்தன. மூன்று மாதக் கடனில் துணி வாங்கியே பழகிய ஒரு வியாபாரிக்கு அந்தச் சுற்றறிக்கையால் என்ன பயன்? 2024 பிப்ரவரியிலேயே அவருடைய பேரேட்டை எடுத்து, சப்ளையர்களில் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) உள்ள உற்பத்தியாளர்கள் யார், யாருக்கு எவ்வளவு பாக்கி, மார்ச் 31க்குள் யாருக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தால், அது அவருக்கு மட்டுமே தைத்த சட்டை. பொதுச் சுற்றறிக்கை பத்து அனுப்புவதைவிட இப்படி ஒரு பட்டியல் கொடுப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து.

கெட்ட செய்தி

நம் தவறை நாமே போய்ச் சொல்வதுதான் இந்தத் தொழிலிலேயே கடினமான வேலை. அதை எப்படிச் செய்வது என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

2023 டிசம்பர் இரண்டாவது வாரம். மிக்ஜாம் புயலின் வெள்ளம் வடிந்து சில நாள்களே ஆகியிருந்தன. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் கிளையண்ட் ஒருவருக்கு ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்ன் தயாரிக்கும்போது, 2022 ஜூனில் அவர் 4,80,000 ரூபாய்க்கு வாங்கிய இயந்திரத்தின் வரி 86,400 ரூபாயை நாங்கள் உள்ளீட்டு வரியாக எடுக்கவே இல்லை, அதாவது அவர் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளவே இல்லை என்பது தெரிந்தது. பில் வந்த மாதத்தில் இயந்திரம் வந்து இறங்கவில்லை என்பதால் நிறுத்திவைத்திருந்தோம். அடுத்த மாதம் எடுக்க வேண்டியது, கோப்பில் பென்சில் குறிப்பாகவே நின்றுவிட்டது. 2022-23 நிதியாண்டின் உள்ளீட்டு வரியை எடுக்கக் கடைசி நாளான 2023 நவம்பர் 30 கடந்துபோயிருந்தது. தவறு முழுக்க எங்களுடையது.

"பட்டறைக்குள் தண்ணீர் புகுந்து இப்போதுதான் மனிதர் மீண்டு வருகிறார், பொங்கல் கழித்துச் சொல்லலாம்" என்றார் என் கூட்டாளி. அதில் இரக்கம் இருந்தது, பயமும் இருந்தது. எனக்கும் இரண்டும் இருந்தன. அந்தச் சனிக்கிழமையே போனேன். பட்டறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. மோட்டார்களைக் கழற்றி வாசலில் வெயிலில் வைத்திருந்தார்கள். என்ன நடந்தது, எவ்வளவு போனது, எதை மீட்கலாம் என்று மூன்று பத்திகள் எழுதிய ஒரு தாளை அவரிடம் கொடுத்தேன். இழந்த வரியை இயந்திரத்தின் அடக்கத்தில் சேர்த்துத் தேய்மானம் கழித்தால் வருமான வரியில் ஒரு பகுதி திரும்பும் என்பது மூன்றாவது பத்தி. தாளோடு 86,400 ரூபாய்க்கான காசோலையும் இருந்தது. கையிலிருந்த கிரீஸைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்துவிட்டு, அவர் தாளை இரண்டு முறை படித்தார்.

"இத நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா சார்?"

"தெரிஞ்சிருக்காது" என்றேன்.

டீ வரவழைத்தார். காசோலையை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அதை வங்கியில் போட்டார். அவர் போட வேண்டும் என்றுதான் கொடுத்தேன்.

இதிலிருந்து நான் வகுத்துக்கொண்ட நடைமுறை இது. தவறு தெரிந்ததும் கணக்கை மறுமுறை சரிபார்க்க ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் தள்ளக் கூடாது. வாட்ஸ்அப்பில் சொல்லக் கூடாது, உதவியாளரை அனுப்பக் கூடாது, வேலையைச் செய்த பையனின் பெயரை எடுக்கவே கூடாது. நலம் விசாரித்து, மழையைப் பற்றிப் பேசி, கால் மணி நேரம் கழித்து விஷயத்துக்கு வருவதும் தவறு. உட்கார்ந்ததும் சொல்லிவிட வேண்டும். நஷ்டம் நம் சக்திக்கு மீறியதாக இருந்து, தொழில்சார் பொறுப்புக் காப்பீடும் எடுத்திருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்கு முதலில் தெரிவிக்க வேண்டும். அவர்கள் சம்மதமில்லாமல் பொறுப்பேற்றுக் கடிதம் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனை இத்தகைய பாலிசிகளில் பொதுவாக இருக்கும். இளையவர்கள் பலர் அந்தக் காப்பீட்டை எடுப்பதே இல்லை. தயவுசெய்து எடுங்கள்.

அதே பட்டறைக்காரர் சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தார். திருமழிசைப் பக்கம் அவருக்கு இருந்த மனையை விலை பேசி முடித்திருந்தார். வாங்குபவர் முன்பணமாக மூன்று லட்சம் ரூபாயை ரொக்கமாகக் கொண்டுவந்து, அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். "வாங்கலாமா சார்?" என்று கேட்டார். அசையாச் சொத்தை விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. முன்பணத்துக்கும் அது பொருந்தும். பணத்தைத் தொடாமல் திருப்பி அனுப்பிவிட்டு, மறுநாள் வங்கி மூலம் வாங்கிக்கொண்டார்.

கட்டணம்

கட்டணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவது நம்மவர்களின் வழக்கம். 'பார்த்துக் கொடுங்கள்' என்று சொல்லி ஆரம்பிக்கும் உறவு, பார்த்துக் கொடுத்தது போதவில்லை என்ற மனக்குறையில் முடிகிறது. தொகையை முதலிலேயே எழுதிக் கொடுங்கள்; கூடுதல் வேலை வந்தால் வேலையைத் தொடங்குவதற்கு முன் அதற்கான தொகையைச் சொல்லுங்கள்; உயர்த்த வேண்டுமானால் ஏப்ரலில் நேரில் சொல்லி உயர்த்துங்கள். 'மிச்சமாகும் வரியில் பத்து சதவீதம் தருகிறேன்' என்று சில கிளையண்டுகள் ஆசை காட்டுவார்கள். லாபத்தின் சதவீதமாகவோ விளைவைப் பொறுத்தோ கட்டணம் வாங்குவது, சில விதிவிலக்குகள் தவிர, எங்களுக்குத் தடை. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவது வழக்கறிஞர்களுக்கும் தடை. கட்டணம் பாக்கி இருக்கிறது என்பதற்காகக் கிளையண்டின் கணக்குப் புத்தகங்களைப் பிடித்துவைக்காதீர்கள்.

இரண்டு பக்கத்து மனிதர்கள்

உறவு முதலாளியோடு மட்டும் இல்லை. கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருபது ஆண்டுகளாகக் கணக்கு எழுதும் பெரியவர் ஒருவர் இருப்பார். அவர் எழுதியதில் தவறு கண்டால், முதலாளி எதிரே அதை எடுத்துச் சொல்லாமல் அவரைத் தனியே அழைத்துக் காட்டுங்கள். மார்ச் மாதத்தில் நமக்கு வேண்டிய ரசீதை இரவு எட்டு மணிக்கும் தேடி எடுத்துத் தருபவர் அவர்தான்.

நம் பக்கத்தில் பிரச்சினை வேறு. 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தின்படி ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டர் படிப்பவர்கள் நம் அலுவலகங்களில் பெறும் பயிற்சி, மூன்று ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைந்துவிட்டது. பையன் ஒரு கிளையண்டின் தொழிலைப் புரிந்துகொள்வதற்குள் கிளம்பிவிடுகிறான், புதிதாக வருபவன் அதே கேள்விகளை மறுபடி கேட்கிறான். கிளையண்டுக்கு இது எரிச்சல் தரும். ஒவ்வொரு கிளையண்டுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, அவருடைய பழக்கங்கள், பழைய நோட்டீஸ்கள், அவரிடம் கேட்டு முடித்த கேள்விகள் ஆகியவற்றை எழுதிவைப்பதும், ஆள் மாறும்போது புதியவரை நாமே நேரில் அழைத்துப் போய் அறிமுகம் செய்வதும் ஓரளவு உதவும்.

ஒரே தெருவில் எதிரெதிர்க் கடைக்காரர்கள் இருவர் நமக்குக் கிளையண்டாக இருப்பது சௌகார்பேட்டையில் சாதாரணம். ஒருவர் கடையில் மற்றவரின் பெயரே நம் வாயில் வரக் கூடாது. "அவருக்கு இந்த வருஷம் எப்படி?" என்று அவர்கள் கேட்கத்தான் செய்வார்கள், பதில் சொன்னால் சட்டப்படியும் தவறு, கேட்டவரும் அந்த நிமிடமே தன் கணக்கைப் பற்றிக் கவலைப்படத் தொடங்குவார்.

கல்யாணப் பத்திரிகை வந்தால் போங்கள், முடியாவிட்டாலும் பரவாயில்லை. துக்கத்துக்கு அன்றே போக வேண்டும். உரிமையாளர் இறந்தால் ஜிஎஸ்டி பதிவை வாரிசின் பெயரில் மாற்றுவது, இருப்பிலுள்ள உள்ளீட்டு வரியை மாற்றுவது, வங்கிக் கணக்கு என்று வேலைகள் வரிசையாக இருக்கும். காரியம் முடியும் வரை அவற்றைப் பற்றி அந்த வீட்டில் பேசாதீர்கள். அந்த நாள்களில் வரும் தாக்கல் தேதிகளை மட்டும் கவனமாகக் குறித்துவைத்திருந்து, பிறகு மகனையோ மகளையோ உட்காரவைத்து நிதானமாகச் சொல்லுங்கள்.

பிரியும்போது

எல்லாம் சரியாகச் செய்தும் சிலர் போவார்கள். மருமகன் ஆடிட்டராகிவிடுவார், அல்லது கட்டணம் குறைவாக வேறொருவர் கேட்டிருப்பார். வேறு சிலரை நாமே அனுப்ப வேண்டியிருக்கும். சரக்கு வராமலேயே பில் மட்டும் வாங்கி உள்ளீட்டு வரி எடுக்கச் சொல்பவரிடம் ஒருமுறை விளக்கிச் சொல்வேன். மறுமுறையும் கேட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிடுவேன்.

போகிறவருக்கு ஒரு வாரத்துக்குள் எல்லாக் கோப்புகளையும் ஒழுங்காக அடுக்கிக் கொடுங்கள். மென்பிரதிகளை ஒரு பென் டிரைவில் ஆண்டு வாரியாகப் போட்டு, கடவுச்சொற்களை அவர் எதிரிலேயே மாற்றி, புதிய ஆடிட்டர் கேட்டால் விளக்கம் சொல்லவும் தயாராக இருங்கள். கூடவே ஒரு தாளில், அடுத்த மூன்று மாதங்களில் அவருக்கு வரவிருக்கும் தாக்கல் தேதிகள், பதில் அனுப்ப வேண்டிய நோட்டீஸ்கள், 2பியில் இன்னும் வராத பில்கள் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர் கையிலேயே கொடுங்கள்.